புதுமையும் பின்பற்றலும்
பள்ளிவாசல் கட்டுவோர் சிந்தனைக்கு

சென்ற ஆண்டு, கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற ஜமாஅத் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவ்வூர்ப் பள்ளிவாசல் மிகப் பழையது. கருங்கல் தூண்கள், கல் பாவிய தட்டைக் கூரை, தாழ்ந்த முகப்பு, எதிரே ஹவுள். இப்போது ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை. கூரையில் ஓரிடத்தில் மழைக்காலத்தில் நீர் கசிகிறது. ஆகவே இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பேச்செழுந்தது.

வெளிநாட்டில் பணிபுரிந்து விடுமுறையில் வந்திருந்த வாலிபர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கும் வெண்பளிங்கு. நடுவே பெரிய குப்பா, சுற்றிலும் சிறிய குப்பாக்கள், நான்கு மூலையிலும் நான்கு மினாராக்கள்.

"காக்கா, இதே மாதிரி கட்டிட்டோம்னா பஸ்ஸிலே போறவன்கூட எறங்கிப் பார்ப்பான்" என்றார்.

மூலையில் அமர்ந்திருந்த பெரியவர், "இது எந்த ஊர்ப் பள்ளி, தம்பி?" என்று கேட்டார்.

"வளைகுடாவிலே உள்ளது, காக்கா."

"அது அந்த ஊர்ப் பள்ளி. நம்ம ஊர்ப் பள்ளி எது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அப்போது பொறியியல் படித்த மற்றொரு வாலிபர் எழுந்து, "பழசும் வேண்டாம், பார்த்துச் செய்யறதும் வேண்டாம். இதுவரைக்கும் உலகத்திலே யாருமே கட்டாத ஒரு மாதிரியிலே கட்டுவோம்" என்றார். கூட்டம் மூன்றாகப் பிரிந்தது. இருப்பதைக் காப்போம் என்றனர் சிலர். பிறரைப் பார்த்துக் கட்டுவோம் என்றனர் சிலர். புதிதாய்ப் படைப்போம் என்றனர் வேறு சிலர். விருந்தாளியாகச் சென்றிருந்த என்னையும் கருத்துக் கேட்டனர். அன்று என்னால் திருத்தமாக ஒன்றும் சொல்ல இயலவில்லை. வீடு திரும்பிய பின் படித்தும் சிந்தித்தும் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கட்டடத்தில் புதுமை என்பது யாது? பிறரைப் பின்பற்றுவது இழுக்கா? எவரையும் பின்பற்றாமல் கட்டுவது சிறப்பா? இவை கட்டடக்கலை வல்லுநர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் என்று எண்ணிவிடலாகாது. பொதுமக்களின் பணத்தைக் கொண்டு அல்லாஹ்வின் இல்லத்தை எழுப்பும் ஒவ்வொரு முத்தவல்லியும் ஒவ்வொரு ஜமாஅத்தாரும் விடை சொல்லியாக வேண்டிய ஒழுக்கக் கேள்விகள் இவை.

வணக்கம் வேறு, சாதனம் வேறு

முதலில் ஓர் ஐயத்தைக் களைந்துகொள்வோம். மார்க்கத்தில் புதுமை புகுத்தலாகாது என்பது நமக்குப் பால பாடம். தொழுகையின் ரக்அத்துகளையோ, பாங்கின் சொற்களையோ எவரும் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. தொழுகைக்கு மக்களை அழைப்பது எப்படி என்ற பேச்சு மதீனாவில் எழுந்தபோது, மணி அடிக்கலாம் என்றும் கொம்பு ஊதலாம் என்றும் யோசனைகள் வந்தன. அவை ஏற்கப்படவில்லை, பாங்கு நிலைபெற்றது. வணக்கத்தின் அடையாளத்தைப் பிற சமயத்தாரிடமிருந்து இரவல் பெறுவது அன்றே விலக்கப்பட்டுவிட்டது.

ஆனால் சாதனங்களின் நிலை வேறு. அகழ்ப் போரின்போது நகரைச் சுற்றி அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் ஹழ்ரத் ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள். அது பாரசீகர்களின் போர் முறை. அரபியர் அதுவரை அறியாதது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஏற்றுத் தாமே மண் சுமந்தார்கள். முத்திரையில்லாத மடலை அந்நிய நாட்டு மன்னர்கள் ஏற்பதில்லை என்று கூறப்பட்டபோது, வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து முத்திரையாகக் கொண்டார்கள். பயன் உள்ளது எவரிடமிருந்து வந்தாலும் பெறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

பள்ளிவாசல் என்ற கட்டடம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. கிப்லாவை முன்னோக்க வேண்டும்; ஸஃப்பு நேராக நிற்க வேண்டும்; இடம் தூய்மையாக இருக்க வேண்டும். இவை மாறாதவை. அதற்கு மேல் கூரையின் வடிவம், தூணின் வடிவம், மினாராவின் உயரம் யாவும் மனிதர்கள் தம் காலத்திற்கும் நாட்டிற்கும் ஏற்பக் கண்டுகொண்டவையே.

குப்பா எங்கிருந்து வந்தது?

இன்று நம்மிடம் "பள்ளிவாசல் வரைந்து காட்டு" என்றால் சிறு குழந்தையும் ஒரு குப்பாவையும் இரு மினாராக்களையும் வரையும். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் கட்டிய பள்ளியிலோ குப்பா இல்லை, மினாராவும் இல்லை. சுவர் வெயிலில் காய்ந்த மண் கல்லால் ஆனது. தூண்கள் ஈச்ச மரத்தின் அடிமரங்கள். கூரை ஈச்ச மட்டை. மழை பெய்தால் ஒழுகும். சேற்றிலும் நீரிலும் ஸஜ்தா செய்த செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்கள் அருகிலிருந்த ஒரு பெண்மணியின் வீட்டு மேற்கூரையில் ஏறிப் பாங்கு சொன்னார்கள்.

பின்னர் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அப்பள்ளியைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காக்குமாறும், சிவப்பு மஞ்சள் வண்ணங்களைப் பூசித் தொழுவோரின் கவனத்தைக் கலைத்துவிட வேண்டாமென்றும் கட்டுவோரை எச்சரித்தார்கள். ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் காலத்தில் செதுக்கிய கல்லும் தேக்கு மரக் கூரையும் வந்தன. உமைய்யாக் கலீஃபா வலீத் ஆட்சியில், கி.பி. 707 முதல் 709 வரை நடந்த திருப்பணியில்தான் குழிந்த மிஹ்ராபும் நான்கு மூலை மினாராக்களும் அங்கே இடம்பெற்றன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, கி.பி. 691-92-ல், ஜெரூஸலத்தில் குப்பத்துஸ் ஸக்ரா எழுந்தது. அதன் குப்பா அந்நாட்டில் கிறிஸ்தவர்கள் முன்பே கட்டிவந்த முறையைத் தழுவியது.

ஆக, "இஸ்லாமிய வடிவம்" என்று நாம் இன்று அழைப்பதில் பெரும்பகுதி, முஸ்லிம்கள் சென்ற நாடுகளில் கண்டு, பயனறிந்து, தமதாக்கிக்கொண்டவை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. அவர்கள் எதைப் பெற்றார்கள் என்பதோடு, எப்படிப் பெற்றார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

ஆசானைத் தாங்கிப் பிடித்த மாணவர்

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக விளங்கிய மிமார் ஸினான். அனடோலியாவில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே அரசுப் பணிக்கு எடுக்கப்பட்டு, தச்சராகவும் படைப் பொறியாளராகவும் பயிற்சி பெற்றவர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்து 1588-ல் காலமானார்.

அவர் கண்முன்னே இஸ்தான்புல்லில் ஆயா சோஃபியா நின்றது. கி.பி. 537-ல் பைஸாந்தியர் கட்டிய அதன் குப்பா ஏறத்தாழ 31 மீட்டர் அகலம். அது ஒருமுறை 558-ல் இடிந்து விழுந்து, மறுபடியும் உயர்த்திக் கட்டப்பட்டது. அந்தக் குப்பாவில் ஸினான் கண்டது என்ன? தொழுகையாளிகளுக்கு அன்று பெரும் இடையூறாக இருந்தவை தூண்கள். மரமும் கல்லும் மட்டுமே இருந்த காலத்தில் கூரையைப் பெரிதாக்கினால் தூண்கள் பெருகும், தூண்கள் பெருகினால் ஸஃப்பு முறியும், இமாம் தெரியமாட்டார். தூணின்றி அகன்ற கூரை வேண்டுமாயின், கல்லைக் கொண்டு அதைச் சாதிக்க அன்று இருந்த சிறந்த வழி குப்பாதான். ஆயா சோஃபியாவில் அந்த வழி இருந்தது.

ஸினான் அதை அப்படியே நகல் எடுக்கவில்லை. 1548-ல் முடிந்த ஷெஹ்ஸாதே பள்ளியில் நடுக் குப்பாவைச் சுற்றி நான்கு அரைக் குப்பாக்களை வைத்துப் பார்த்தார். 1557-ல் முடிந்த ஸுலைமானிய்யாவில் ஆயா சோஃபியாவைப் போலவே இரண்டு அரைக் குப்பாக்களை வைத்து, பக்கவாட்டுத் தடைகளை நீக்கித் திறந்துவிட்டார். 1575-ல் எதிர்னே நகரில் ஸலீமிய்யாவை முடித்தபோது, எட்டுத் தூண்களை ஓரத்திற்கு ஒதுக்கி, ஏறத்தாழ 31 மீட்டர் குப்பாவின் கீழே முழு ஜமாஅத்தும் ஒரே பார்வையில் அமையுமாறு செய்தார். மூன்று பள்ளிகளிலும் ஒரே வினா. மூன்றிலும் விடை படிப்படியாகத் தெளிவடைந்தது. ஆயா சோஃபியாவை மிஞ்சிவிட்டேன் என்ற பெருமிதமும் அவரிடம் இருந்ததை அவரது வாழ்க்கைக் குறிப்பு காட்டுகிறது. அவரும் மனிதரே.

ஆயினும் இன்னொரு செய்தியையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆயா சோஃபியாவின் சுவர்கள் தளர்ந்தபோது, அதற்கு முட்டுச் சுவர்கள் எழுப்பிக் காத்தவரும் ஸினான்தான். தாம் யாரிடம் கற்றாரோ, அந்த ஆசானையே தாங்கிப் பிடித்தார். ஆயிரம் ஆண்டு மூத்த கட்டடத்திடம் பட்ட கடனை அவர் இவ்வாறு அடைத்தார்.

அங்காராவும் இஸ்லாமாபாதும்

இனி நம் காலத்துக்கு வருவோம். துருக்கியின் தலைநகர் அங்காராவில் கோஜாதெபே என்ற குன்றின்மீது பெரிய பள்ளிவாசல் கட்ட 1957-ல் வடிவமைப்புப் போட்டி நடந்தது. வேதத் தலோகாய் என்பவரும் அவருடைய கூட்டாளியும் அளித்த வரைபடம் தேர்வாயிற்று. அது பழைய உதுமானிய வடிவத்தை விட்டு விலகி, மெல்லிய கான்கிரீட் ஓட்டைக் கூரையாகக் கொண்டிருந்தது. இந்த உத்தியும் அவர் தனியே கண்டுபிடித்ததன்று. அந்நாளில் உலகெங்கும் பரவிவந்த முறை அது. அமெரிக்காவில் ஈரோ சாரினென் மூன்றே மூன்று முனைகளில் நிற்கும் கான்கிரீட் ஓட்டின் கீழ் ஓர் அரங்கை 1955-ல் கட்டி முடித்திருந்தார்.

அங்காராவில் பணி தொடங்கியது, அடித்தளமும் போடப்பட்டது. ஆனால் "இது பள்ளிவாசலாகத் தோன்றவில்லை" என்ற எதிர்ப்பு வலுத்து, அத்திட்டம் கைவிடப்பட்டது. பதிலாக ஹுஸ்ரெவ் தாய்லா, ஃபாதின் உலுஎன்கின் என்ற இருவர் வரைந்த, ஸினான் காலப் பாணியிலான பள்ளிவாசல் எழுந்து 1987-ல் திறக்கப்பட்டது. பெரிய குப்பா, அரைக் குப்பாக்கள், நான்கு மினாராக்கள் எல்லாம் உண்டு. ஆனால் உடல் முழுவதும் கான்கிரீட். அதன் அடியிலே வாகனங்கள் நிறுத்துமிடமும் ஒரு பெரிய அங்காடியும் அமைந்தன. மேலே பதினாறாம் நூற்றாண்டு. கீழே இருபதாம் நூற்றாண்டு.

தலோகாய் சோர்ந்துவிடவில்லை. பாகிஸ்தானின் புதிய தலைநகரான இஸ்லாமாபாதில் தேசியப் பள்ளிவாசலுக்கு 1969-ல் நடந்த போட்டியில், 17 நாடுகளிலிருந்து வந்த 43 வரைபடங்களுள் அவருடையது வென்றது. அங்காராவில் தள்ளப்பட்ட எண்ணமே அங்கே மாற்றம் பெற்று வடிவெடுத்தது. சவூதி மன்னர் ஃபைஸலின் பெயர் தாங்கிய அப்பள்ளியின் பணி 1976-ல் தொடங்கி 1986-ல் நிறைவுற்றது. அதற்குக் குப்பா இல்லை. பாலைவன அரபியரின் கூடாரம் போல எண்பக்கக் கூரை மார்கலா மலையடிவாரத்தில் சரிந்து நிற்கிறது. உள்ளே தூண்கள் இல்லை. நான்கு மூலையிலும் நான்கு மினாராக்கள். அவை மட்டும் துருக்கிய முறையில் எழுதுகோல் போல மெலிந்தவை. "குப்பா இல்லாமல் ஒரு பள்ளியா?" என்று அங்கும் தொடக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கட்டி முடிந்த பின் அது அடங்கிற்று.

இவ்விரண்டில் ஸினானுக்கு உண்மையான வாரிசு எது? பார்த்தவுடன் கோஜாதெபே என்றே சொல்லத் தோன்றும். ஸினான் குப்பா கட்டியது குப்பாவுக்காக என்றால் அது சரி. ஆனால் அவர் தம் காலத்தின் கல்லைக் கொண்டு, தூணில்லாத தொழுமிடத்தைத் தேடினார். தலோகாய் தம் காலத்தின் கான்கிரீட்டைக் கொண்டு அதையே தேடினார். குப்பாவை விட்டவர் ஸினானின் வினாவை எடுத்துக்கொண்டார். குப்பாவை எடுத்துக்கொண்டவர்களோ ஸினானின் விடையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆசானைப் பின்பற்றுவது என்பது அவர் கேட்ட வினாவைத் தொடர்ந்து கேட்பது என்றே எனக்குப் படுகிறது.

எனினும் கோஜாதெபேயை விரும்பிய மக்களை ஏளனம் செய்தல் தகாது. துருக்கியில் 1932 முதல் 1950 வரை பாங்கைக்கூட அரபியில் சொல்ல இடமில்லாதிருந்தது. துருக்கி மொழியில்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிடுங்கப்பட்டதைத் திரும்பப் பெற்ற மக்கள், பாட்டனார் காலத்துப் பள்ளியின் வடிவிலேயே தம் தலைநகரிலும் ஒரு பள்ளி வேண்டுமென்று ஏங்கியதில் வியப்பென்ன? பழக்கமான வடிவம் மனத்துக்கு ஆறுதல். தொலைவிலிருந்து மினாராவைக் கண்டு, "இங்கே தொழ இடமுண்டு" என்று பயணி நிம்மதி அடைவதும் ஒரு பயனே. புதுமை விரும்புவோர் இந்த ஏக்கத்துக்கு மதிப்பளிக்காமல் போனால், அவர்கள் கட்டுவது மக்களின் பள்ளியாகாது.

குடையும் செங்கல்லும்

இந்த இரு தேவைகளையும் இணைத்தவர்களும் உண்டு. மலாயா 1957-ல் விடுதலை பெற்ற பின், கோலாலம்பூரில் தேசியப் பள்ளிவாசல் கட்டப்பட்டு 1965-ல் திறக்கப்பட்டது. நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் பலர் அங்கே தொழுதிருப்பர். அதற்கும் குப்பா கிடையாது. பதினாறு முனை கொண்ட மடிப்புக் கூரை விரித்த குடை போலவும், 73 மீட்டர் மினாராவின் உச்சி மடித்த குடை போலவும் அமைந்துள்ளன. நாள்தோறும் மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நாட்டில் குடையைவிட மக்கள் நன்கறிந்த பொருள் வேறென்ன? புதுமையான வடிவம், ஆனால் ஊர் மக்கள் எவருக்கும் அந்நியமில்லை.

வங்க தேசத்தின் தலைநகர் டாக்காவிலும் ஒரு தொடர்ச்சியைக் காணலாம். அங்குள்ள நாடாளுமன்ற மாளிகையைக் கட்டும் வாய்ப்பு முதலில் முஸ்ஹருல் இஸ்லாம் என்ற அந்நாட்டுக் கட்டடக் கலைஞரைத் தேடி வந்தது. உலகின் தலைசிறந்த ஒருவர் வந்து கட்டினால் இளந்தலைமுறை அவரிடம் கற்கும் என்று கருதி அவர் அதை விட்டுக்கொடுத்தார். அமெரிக்காவின் லூயி கான் வந்தார். கான் 1974-ல் இறந்தார். மாளிகை 1982-ல் நிறைவுற்றது. தம் பெயர் நிலைக்கும் வாய்ப்பைத் தம் நாட்டின் கல்விக்காக விட்டுக்கொடுப்பது எளிதா?

அந்த மாளிகையைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த மரீனா தபஸ்ஸும் என்ற பெண்மணி, தம் பாட்டியார் வழங்கிய நிலத்தில் பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலை 2012-ல் கட்டி முடித்தார். 2016-ல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. குப்பா இல்லை, மினாரா இல்லை, பளிங்கும் இல்லை. சுவர்கள் செங்கல். வெள்ளத்துக்கு எட்டாத உயர்ந்த திண்ணை, காற்றும் ஒளியும் புகும் துளைச் சுவர்கள். நிலம் கிப்லாவுக்குச் சற்றுக் கோணலாக அமைந்திருந்ததால், சதுரத்துக்குள் வட்டத்தை அமைத்து, அவ்வட்டத்துக்குள் தொழுமிடத்தைக் கிப்லாவுக்கு நேராகத் திருப்பி வைத்தார். வங்கத்து சுல்தான்கள் காலத்தில் கல் கிடைக்காத நாட்டில் செங்கல்லாலேயே பள்ளிகள் எழுந்தன. பாகர்ஹாத்தில் அறுபது குப்பா பள்ளி இன்றும் நிற்கிறது. தபஸ்ஸும் அந்தப் பழம்பள்ளிகளிலிருந்து ஒளியும் செங்கல்லும் எடுத்துக்கொண்டார். அவற்றின் குப்பாக்களை எடுத்துக்கொள்ளவில்லை. அதுவரை யாரும் கட்டாத பள்ளியாயினும் வங்கத்தின் பள்ளியென்று யாரும் சொல்லக்கூடிய பள்ளி அது.

குர்னா தரும் எச்சரிக்கை

நல்ல எண்ணமும் கலைத் திறனும் இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எகிப்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ, ஏழைகளுக்கு ஏற்ற வீடு எது என்று தேடியவர். இரும்பும் சிமெண்டும் ஏழைக்கு எட்டாதவை. மரச்சாரம் இன்றியே மண்கல்லால் வளைகூரை எழுப்பும் கலையை எகிப்தின் தென்கோடியில் நூபியக் கொத்தனார்கள் அறிந்திருந்தார்கள். ஃபத்ஹீ அவர்களைத் தேடிச் சென்று கற்றார். இது அவர்களிடம் கற்றது என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த நேர்மை போற்றத்தக்கது.

லக்ஸர் அருகே பழைய கல்லறைகளின்மேல் குடியிருந்த குர்னா மக்களை இடம் மாற்ற அரசு விரும்பியபோது, புதிய குர்னா கிராமத்தைக் கட்டும் பொறுப்பு 1945-ல் ஃபத்ஹீயிடம் வந்தது. மிக அழகிய பள்ளிவாசலும் சந்தையும் வீடுகளும் எழுந்தன. ஆனால் மக்களில் மிகப் பலர் அங்கே வர மறுத்தனர். பழைய ஊரில்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது. குப்பா வைத்த கூரைகள் அவர்களுக்குக் கப்றுகளை நினைவூட்டின என்று கூறுவோரும் உண்டு. கிராமம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. கொத்தனார்களிடம் காட்டிய பணிவு அனைத்தும் சரியாகவே இருந்தது. குடியிருக்கப் போகிறவர்களின் சம்மதம்தான் இல்லாமற்போயிற்று. அதற்கு ஃபத்ஹீயைவிட, மக்களைக் கேளாமல் இடம் மாற்ற முனைந்த அரசே பெரிதும் பொறுப்பு. பின்னாளில் அவர் நூல் எழுதி உலகப் புகழ் பெற்றார்; ஆயினும் குர்னாவின் காலி வீடுகள் அந்தப் புகழோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றன.

நம்மூர்க் கற்றூண்கள்

இப்போது அந்தச் சிற்றூர்க் கூட்டத்துக்குத் திரும்புவோம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய பள்ளிவாசல்களில் நிற்கும் கற்றூண்களை உற்றுப் பாருங்கள். கோயில் மண்டபங்களைக் கட்டிய அதே சிற்ப மரபின் கைவண்ணம் அவற்றில் தெரியும். அதே போதிகை, அதே தூண் பட்டைகள், அதே தட்டைக் கூரை. ஆனால் உருவங்கள் இல்லை. பூவும் கொடியும் கோலமும் மட்டுமே. நம் முன்னோர் அரபு நாட்டோடு வாணிபம் செய்தவர்கள். வேண்டுமென்றால் அந்நாட்டு வடிவத்தையே இங்கே கொண்டுவந்திருக்கலாம். அவர்களோ இந்த மண்ணின் கல்லையும் இந்த மண்ணின் கைத்திறனையும் ஏற்று, மார்க்கம் விலக்கியதை மட்டும் விலக்கினார்கள். அகழை ஏற்று மணியை மறுத்த அதே அளவுகோல் இங்கேயும் செயல்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

இன்று நாம் அந்தத் தூண்களை இடித்துவிட்டு, கான்கிரீட்டில் ஒரு குப்பாவை வார்த்து, பச்சை வண்ணம் பூசி, "இதுதான் இஸ்லாமிய வடிவம்" என்கிறோம். அந்தக் குப்பாவின் கீழே பெரும்பாலும் தட்டைத் தளம்தான் இருக்கிறது. உள்ளே தொழுகிறவருக்கு அது தெரிவதுமில்லை. எந்தக் கூரையையும் அது தாங்கவில்லை. எந்தத் தூணையும் அது குறைக்கவில்லை. ஸினான் பார்த்தால் அதைக் குப்பா என்று ஒப்புக்கொள்வாரா?

நகல் எடுக்கச் சொன்ன வாலிபரிடமும், உலகம் காணாத புதுமை வேண்டுமென்ற வாலிபரிடமும் ஓர் ஒற்றுமை இருந்ததை இப்போது உணர்கிறேன். ஒருவர் ஊரின் பெயரை நாடினார். மற்றவர் திறமையின் பெயரை நாடினார். தொழ வருகிறவரின் தேவையை இருவருமே பேசவில்லை. பள்ளிவாசல்களைக் கட்டி அவற்றைக் கொண்டு மக்கள் ஒருவரோடொருவர் பெருமையடிப்பது இறுதிக் காலத்தின் அடையாளங்களுள் ஒன்றென ஹதீஸில் வந்துள்ளதை அறிவோம். அப்பெருமை பழைய வடிவத்திலும் புகும். புதிய வடிவத்திலும் புகும். இருப்பதை அப்படியே காப்போம் என்று சொல்லி, வெயிலில் நிற்கும் ஜும்ஆ ஸஃப்புகளைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் ஒருவகைப் பெருமையே.

ஆகவே பள்ளி கட்டப் புகுமுன் ஜமாஅத்தார் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. நமக்கு உண்மையில் குறைவது எது, இடமா, காற்றா, தண்ணீரா, பெண்களுக்கான பகுதியா? நாம் இரவல் வாங்கும் வடிவம் அதன் சொந்த ஊரில் எந்தத் தேவைக்காகப் பிறந்தது. அந்தத் தேவை நமக்கும் உண்டா? நம்மூரின் மழைக்கும் வெயிலுக்கும் நம்மூர்க் கொத்தனார் அறிந்த வழி எது? தொழ வருகிற ஏழைத் தொழிலாளியிடம் யாராவது ஒருவர் கருத்துக் கேட்டோமா? இவற்றுக்கு உண்மையான விடை கிடைத்துவிட்டால், வடிவம் பழையதாக அமைந்தாலும் புதியதாக அமைந்தாலும் கவலையில்லை. விடை கிடைக்காவிட்டால், எவ்வளவு செலவழித்தாலும் அது இன்னொருவரின் பள்ளியாகவே இருக்கும்.

அந்த ஊர் ஜமாஅத்தாருக்கு நான் எழுதிய மடலில் இரண்டே யோசனைகள் சொன்னேன். கற்றூண் மண்டபத்தை அப்படியே வைத்துக் கசிவை மட்டும் சரிசெய்யுங்கள். தேவைப்படும் கூடுதல் இடத்தைப் பின்புறக் காலி மனையில், தூண் குறைந்த எளிய கூரையாகக் கட்டி, பழைய மண்டபத்தோடு இணையுங்கள். பழையதில் நின்று தொழுகிறவரும் புதியதில் நின்று தொழுகிறவரும் ஒரே இமாமின் பின்னே ஒரே ஜமாஅத்தாக நிற்கட்டும். இன்னும் அவர்கள் முடிவெடுக்கவில்லை. அந்தப் பெரியவர் மட்டும் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, கூரைக்கு ஆள் பார்த்தாச்சு" என்றார்.

முன்னோர் விட்டுச் சென்ற நன்மைகளை நன்றியோடு ஏற்று, நம் பின்னோருக்குக் குறையாமல் ஒப்படைக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.